மேசைத் துணியில் உருவாமல் விட்ட வெள்ளை நூல் பற்றி

அனுப்புநர்
பாபின் அக்கா என்று அழைக்கப்படும் தையற்காரி,
துறைமுக வாசலுக்கு எதிர்ச்சாரி, மூன்றாவது கடை
(சாவி செய்பவருக்கும் மருந்துக் கடைக்கும் நடுவில்).

பெறுநர்
உயர்திரு இணைச் செயலர் அவர்கள்,
கடல் எல்லைப் பேச்சுவார்த்தைப் பிரிவு,
துறைமுக நிர்வாகக் கட்டடம், மூன்றாம் மாடி.

பொருள்: ஒத்திவைக்கப்பட்ட கடல் எல்லைப் பேச்சுவார்த்தையை மீண்டும் கூட்டவும், அதில் நான்காம் பொருளை முதலில் எடுத்து என் கணவரையும் மற்றவர்களையும் வீட்டுக்கு அனுப்பவும் வேண்டுதல் தொடர்பாக.

பார்வை: 1. "நிர்வாகக் காரணங்களால் ஒத்திவைப்பு" என்ற தங்கள் அறிவிப்பு.
2. என் நாத்தனார் நேரில் வந்து திட்டியது.

மதிப்பிற்குரிய ஐயா,

புகார் மனு என்றால் அடுத்தவர் மேல் எழுதுவதுதான் வழக்கம். இது என் மேல் நானே எழுதிக்கொள்வது. பேச்சுவார்த்தை மண்டபத்து மேசைத் துணியில் இருந்த அந்த வெள்ளைக் கோட்டைப் போட்டவள் நான். அது நாட்டின் நிலைப்பாடு அல்ல. உருவ மறந்துபோன நூல். சொல்லவே வெட்கமாக இருக்கிறது, ஆனால் சொல்லாமல் இருந்தால் போர்க்கப்பல் வந்துவிடும் போலிருக்கிறது.

1. நான் படித்தது ஐந்தாம் வகுப்பு. எழுத்து மண்டையில் ஏறவில்லை, நூல் ஊசியில் ஏறியது. இருபத்திரண்டு வருடமாகத் துறைமுகச் சீருடைகள் எல்லாம் என் கடையில்தான். தாங்களும் மூன்று முறை காற்சட்டை இடுப்பைப் பிரித்துவிடச் சொல்லிக் கொடுத்தனுப்பியுள்ளீர்கள். அந்த அளவு அரசு ரகசியம் என்பதால் இம்மனுவில் குறிப்பிடவில்லை. இந்த மனுவை முதலில் தங்கள் அலுவலக வாசலில் உட்கார்ந்திருக்கும் மனு எழுதுபவரிடம்தான் சொன்னேன். அவர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு நாலே வரியில் முடித்துவிட்டார். படித்துப் பார்த்தால் என் கணவரை விடுவிக்கச் சொல்லியிருக்கிறது, ஆனால் அதில் என் கணவரைக் காணோம். அதனால் நானே எழுதுகிறேன். பிழை இருந்தால் பிரித்துத் தைத்துக்கொள்ளவும்.

2. என் கணவர் படகு எஞ்சின் டிரைவர். ஊரில் அவருக்குப் பெயர் "அப்புறம்". எதைச் சொன்னாலும் "அப்புறம்?" என்பார். கூரை ஒழுகுகிறது என்றால் அப்புறம். கல்யாணம் செய்துகொள்கிறாயா என்று பெரியவர்கள் கேட்டபோதும் "அப்புறம்?" என்றார். சரி என்று அர்த்தம் எடுத்துக்கொண்டு முடித்துவைத்தார்கள். இருபத்தாறு வருடம் ஆகிறது. நல்ல மனிதர். ஊரில் உள்ள எல்லா எஞ்சினையும் காதை வைத்துக் கேட்டே சரிசெய்துவிடுவார், தன் படகு எஞ்சினைத் தவிர. அதை அப்புறம் பார்க்கலாம் என்று வைத்திருந்தார்.

3. ஏழு வாரத்துக்கு முன் ஒரு புதன்கிழமை அந்த எஞ்சின் நடுக்கடலில் நின்றுபோனது. நீரோட்டம் படகை இழுத்துக்கொண்டு போனது. அண்டை நாட்டு ரோந்துப் படகு வந்து நம்மவர் நான்கு பேரையும் பிடித்துக்கொண்டு போனது. "எல்லை மீறிச் சென்றார்" என்று அப்போது எனக்கு வந்த தங்கள் கடிதத்தில் உள்ளது. ஐயா, இரண்டாவது முறை சோறு போட்டுக்கொள்ளவே என் முகத்தைப் பார்க்கிறவர் அவர். எல்லை மீறுகிற ஆள் இல்லை. தண்ணீரில் கோடு எதுவும் போட்டிருக்கவில்லை. போட்டிருந்தால் நின்று கேட்டிருப்பார். அதே மாதிரிதான் அவர்கள் படகு ஒன்றும் வழி தவறி இங்கே வந்து, அவர்களுடையவர் ஐந்து பேர் துறைமுகப் பயிற்சிக் கூடத்தில் இருக்கிறார்கள். அவர்களைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

4. செவ்வாய்க்கிழமை தோறும் மாலை நான்கு மணிக்கு அங்கிருந்து ஐந்து நிமிடம் பேச விடுகிறார்கள். அதில் முதல் இரண்டு நிமிடம் "அப்புறம்?" என்பதிலேயே போய்விடும். "நீங்க சொல்லுங்க." "இல்ல, நீ சொல்லு. அப்புறம்?" இப்படி. இருந்தாலும் அந்த ஐந்து நிமிடத்துக்காக மூன்று மணிக்கே மிஷினை நிறுத்திவிடுவேன். சத்தத்தில் மணி கேட்காமல் போய்விடக் கூடாதே.

5. இனி துணி விவகாரம். பேச்சுவார்த்தைக்கு மண்டபத்து மேசை பழசாகத் தெரிகிறது, பச்சைத் துணி போட வேண்டும் என்று உத்தரவு வந்தது. மேசை நீளம் பதினான்கு அடி, அகலம் ஆறடி. எல்லாப் பக்கமும் ஓரடி தொங்க வேண்டும் என்றார்கள். ஆக எட்டடி அகலம் வேண்டும். துணியின் பன்னாவோ (கடையில் வரும் அகலம்) நாலரை அடிதான். ஒட்டுப் போடாமல் வழியில்லை. ஒன்றை முழுசாக வைத்து, இன்னொன்றை ஓரடி உள்ளே மடித்து, நீளவாக்கில் இணைத்தேன். துணியை வெட்டாமல் மடித்தால் பிறகு வேறு எதற்காவது ஆகும் என்பது தையற்கடைப் புத்தி. அப்படிச் செய்தால் தையல் நடுவில் வராது. மேசையின் ஒரு பக்கத்திலிருந்து மூன்றரை அடி, மறுபக்கத்திலிருந்து இரண்டரை அடி. மேசைத் துணிக்கு நடு எதற்கு என்று நினைத்தேன். அந்த மேசைக்கு இரண்டு பக்கமும் இரண்டு நாடு உட்காரும் என்பது கையில் ஊசி இருக்கும்போது நினைவுக்கு வரவில்லை.

6. கெட்டியான துணியை இணைக்கும்போது முதலில் தற்காலிகத் தையல் போடுவோம். வேறு நிறத்து நூலில், கண்ணுக்குத் தெரியும்படி, விட்டு விட்டுப் பெரிய பெரிய தையலாக. துணி நகராமல் பிடித்துக்கொள்ளத்தான் அது. மிஷின் தையல் ஓட்டியதும் அந்த நூலை உருவிவிட வேண்டும். நான் வெள்ளை நூலில் போட்டிருந்தேன். மிஷின் தையலும் முடிந்தது. உருவ வேண்டியது மட்டும் பாக்கி. அன்று செவ்வாய்க்கிழமை. நான்கு மணி அழைப்பு இரண்டு மணிக்கே வந்துவிட்டது.

7. அன்று அவர் "அப்புறம்" சொல்லவில்லை. எடுத்த எடுப்பில், "நாளைக்குக் கூட்டமாமே. எங்களை மாத்திக்கிறது நாலாவதா இருக்காம். இங்க காவல்காரரே சொன்னாரு. வந்துடுவேன்னு நினைக்கிறேன்" என்றார். பிறகு, "அந்த நீலச் சட்டையில பட்டன் தெச்சுட்டியா?" என்று கேட்டார். தைத்துவிட்டேன் என்று பொய் சொல்லிவிட்டேன். அழைப்பு முடிந்ததும் வீட்டுக்கு ஓடி, நீலச் சட்டையை எடுத்து, பட்டன் தைத்து, தேய்த்து, ஆணியில் மாட்டினேன். இதற்கிடையில் தங்கள் அலுவலக வண்டி கடைக்கு வந்து மடித்து வைத்திருந்த மேசைத் துணியை எடுத்துக்கொண்டு போய்விட்டது. நூல் அதிலேயே இருந்தது.

8. மறுநாள் மண்டபத்தில் நடந்ததை நான் பார்க்கவில்லை. தண்ணீர் ஊற்றும் வேலையில் இருந்த என் நாத்தனார் பார்த்தாள். மண்டபத்தில் நடப்பதை வெளியில் சொல்லக் கூடாது என்பது அவளுக்குத் தெரியும். திட்ட வந்தவளிடம் முழு விவரத்தையும் நான்தான் மூன்று நாள் விடாமல் நச்சரித்து வாங்கினேன், ஆகவே தண்டனை இருந்தால் எனக்குத் தரவும். துணியை விரித்ததும் அவள்தான். முழுப் பன்னா, அதாவது பெரிய பங்கு, தற்செயலாகத் தங்கள் பக்கம் வந்துவிட்டது. வரைபடங்களும் கோப்புகளும் அடுக்கியிருந்ததால் தங்களுக்குத் தையல் தெரிந்திருக்காது. எதிரே உட்கார்ந்தவர்களுக்கு நன்றாகத் தெரிந்திருக்கிறது. பச்சைத் துணியில் விட்டு விட்டுப் போகும் வெள்ளைக் கோடு. தாங்கள் விரித்து வைத்த கடல் வரைபடத்தில் எல்லைக் கோடும் அப்படியேதான் விட்டு விட்டுப் போகிறதாம்.

9. அவர்கள் தலைவர் துணி மேல் விரலை வைத்து, ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை பார்த்துவிட்டு, அவர் பக்கம் சாணாலும் தங்கள் பக்கம் கண்ணாலும் அளந்துவிட்டு, ஏதோ கேட்டிருக்கிறார். மொழிபெயர்ப்பாளர், "இந்தக் கோட்டை யார் போட்டது என்று கேட்கிறார்" என்றார். தாங்கள் அப்போது வரைபடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தீர்கள். "எங்கள் நிபுணர்கள் மாதக் கணக்கில் ஆலோசித்துப் போட்டது" என்றீர்கள். "இதை மாற்ற முடியுமா?" என்று கேட்டார். "இப்போதைக்கு எண்ணமில்லை" என்றீர்கள். ஐயா, நான் குறை சொல்லவில்லை. வரைபடத்துக்கு அது நல்ல பதில். மேசைத் துணிக்குச் சற்றுக் கடுமை. அவர் எழுந்துவிட்டார். அவர் பின்னாலேயே ஏழு பேர் எழுந்தார்கள். ஊற்றிய தண்ணீரை ஒருவரும் குடிக்கவில்லை.

10. யார் எந்தக் கோட்டைப் பற்றிப் பேசினார்கள் என்பது அந்த அறையில் என் நாத்தனார் ஒருத்திக்குத்தான் தெரியும். தண்ணீர் ஊற்றுபவர் வாய் திறக்கக் கூடாது என்பது விதி. விதியை முழுசாகக் கடைப்பிடித்துவிட்டு நேராக என் கடைக்கு வந்தாள். "ஒரு நூலை உருவ உனக்கு நேரம் இல்லையா அண்ணி? என் அண்ணனை அதே நூலால அங்க கட்டிப் போட்டுட்டியே!" என்றாள். பிறகு இருவரும் அழுதோம். பிறகு அவள் சொன்ன ஒரு விஷயத்தில் இருவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அதை இங்கே எழுதினால் தங்களுக்குச் சிரிப்பு வராது, ஆகவே விடுகிறேன்.

11. இந்த மூன்று வாரத்தில், நிலைமை கடுமையாகிவிட்டதாகச் செய்தியில் சொல்கிறார்கள். கோடு போட்டுக் காட்டி மிரட்டினோம் என்று அவர்கள் பக்கத்தில் பேச்சாம். திடீரென்று ஏன் முறைத்துக்கொண்டு போனார்கள் என்று நம் பக்கத்தில் பேச்சு. நம் ரோந்துப் படகு ஒன்று கூடுதலாகப் போயிருக்கிறது. அவர்கள் இரண்டு அனுப்பியிருக்கிறார்கள். அந்த நூல் கையால் இழுத்தால் ஒரே இழுப்பில் வந்துவிடும், ஐயா.

12. போன செவ்வாய் அழைப்பில் நூல் விஷயத்தை நானே அவரிடம் ஒப்புக்கொண்டேன். அவர், "பட்டன் தெச்சுட்டேன்னு சொன்னது பொய்தானே? எனக்கு அப்பவே தெரியும்" என்றார். பிறகு, "பரவாயில்ல விடு. இங்க ஒரு எஞ்சினைப் பாதி பிரிச்சு வச்சிருக்கேன், முடிக்காம வந்தா நல்லா இருக்காது" என்றார். விசாரித்தால் அது அவர்கள் ரோந்துப் படகின் எஞ்சின். தன்னைப் பிடித்த அதே படகு. சத்தம் சரியில்லாததால் மனசு கேட்கவில்லையாம். இதைத் தேசத்துரோகமாக எடுத்துக்கொள்ள வேண்டாம். அந்த மனிதர் பக்கத்தில் கெட்ட சத்தத்தோடு எதுவும் ஓட முடியாது. நான் ஒருத்திதான் விதிவிலக்கு.

13. இங்கே இருக்கும் ஐந்து பேருக்கும் மாற்று உடை தைக்க என்னைத்தான் அனுப்பினீர்கள். அதில் ஒருவர் மிக உயரம். "நெட்டை" என்று நான் கூப்பிட, அவரும் திரும்பிப் பார்க்கப் பழகிவிட்டார். அளவு நாடாவை அவர் தோளில் வைக்க நான் முக்காலி மேல் ஏற வேண்டியிருந்தது. கடலோரத்தில் இருப்பதால் அவர் பாஷை எனக்கும் என் பாஷை அவருக்கும் கால்வாசி வரும். முக்காலியைப் பிடித்துக்கொண்டு, "அக்கா, விழுந்தா உங்க நாட்டுப் பக்கமே விழுங்க. நான் பொறுப்பில்ல" என்றார். அடுத்த செவ்வாய்க்கிழமை என் கணவர் சொல்கிறார்: "இங்க ஒரு தங்கச்சி வந்து எனக்குச் சட்டை அளவு எடுத்துட்டுப் போச்சு. அவ வீட்டுக்காரர் அங்க மாட்டியிருக்காராம், ரொம்ப உயரமாம்." நான், "அவரு இங்க என் முக்காலிக்குப் பக்கத்துலதான் நிக்கிறாரு" என்றேன். அதிலிருந்து அந்தப் பெண் என் கணவர் மூலம் சொல்லி அனுப்புவாள்; நான் நெட்டையிடம் சொல்லுவேன். அவருக்கு இடது தோள் சற்று இறக்கம், அவராக வாய் திறந்து சொல்ல மாட்டார், பார்த்துத் தைக்கவும் என்று சொல்லியனுப்பினாள். நான், என் ஆளுக்குக் கழுத்துப் பட்டன் போட்டால் பிடிக்காது, போட்ட மாதிரி மட்டும் தைக்கவும் என்று சொல்லியனுப்பினேன். இந்த வருடம் இரண்டு நாடுகளுக்கும் நடுவில் தகராறில்லாமல் நடந்த தகவல் பரிமாற்றம் எனக்குத் தெரிந்து இது ஒன்றுதான். ஒரு தோள், ஒரு கழுத்து.

14. தொழில் அனுபவத்தில் ஒன்று சொல்கிறேன், அதிகப்பிரசங்கித்தனம் என்றால் இந்தப் பத்தியை மட்டும் மடித்து உள்ளே தைத்துவிடவும். எந்தத் துணியையும் எடுத்தவுடன் முடிவாக யாரும் தைத்துவிட மாட்டார்கள். முதலில் தற்காலிகத் தையல். போட்டுப் பார்த்து, கை தூக்கிப் பார்த்து, உட்கார்ந்து பார்த்து, எங்கே இழுக்கிறது என்று தெரிந்த பிறகுதான் மிஷின். தற்காலிகத் தையல் போட்டதால் யாருக்கும் உரிமை போய்விடாது. உருவிவிடலாம் என்று சொல்லிக்கொண்டே போடுவதுதான் அது. கடலுக்கும் தாங்கள் இரு தரப்பும் அப்படி ஒன்று போட்டுக்கொள்ளலாம். இறுதிக் கோட்டுக்கு வருடங்கள் ஆனாலும் ஆகட்டும். அதுவரை எஞ்சின் நின்று நீரோட்டத்தில் வந்துவிட்ட படகை இழுத்துக் கொண்டுபோய்த் திருப்பி விடுவது என்ற அளவுக்கு ஒரு நூல் போதும். மனிதர்களை மாற்றிக்கொள்வது நான்காவதாக இருப்பதால், முதலாவதான கோடு முடியும் வரை நான்காவது காத்திருக்கிறது. முதலாவதோ என் தையலில் சிக்கி நிற்கிறது.

15. ஆகவே தாங்கள் கருணை கூர்ந்து செய்ய வேண்டியவை:

(அ) அந்தக் கோடு தையற்காரியின் மறதியே தவிர எந்த நாட்டின் உரிமைக்கோரலும் அல்ல என்று அவர்கள் தலைவருக்கு எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும். தங்களுக்கு அது கௌரவக் குறைவாக இருந்தால், என் பெயரில் நானே எழுதிக் கையெழுத்துப் போடுகிறேன். எனக்குக் கௌரவம் அவ்வளவு இல்லை. வேண்டுமானால் அவர் முன்னாலேயே நின்று நூலை உருவிக் காட்டுகிறேன். அவரையே உருவச் சொன்னாலும் சரி.

(ஆ) கூட்டத்தை உடனே கூட்டி, நான்காம் பொருளை முதலாவதாக எடுக்க வேண்டும். ஒன்பது பேரும் ஒரே நாளில் வீட்டுக்குப் போகட்டும். என் கணவர் அந்த எஞ்சினை முடிக்க ஒரு நாள் கூடக் கேட்பார். கொடுக்க வேண்டாம்.

(இ) அதே துணியை என்னிடம் திருப்பித் தர வேண்டும். பிரித்து, நான்காக வெட்டி, குறுக்குவாக்கில் இணைத்துத் தருகிறேன். கணக்குச் சரியாக வருகிறது, புதுத் துணி வேண்டாம். மூன்று தையல் வரும். மூன்றும் அவர்களையும் தங்களையும் பிரிக்காது. அவர்கள் பக்கத்திலிருந்து தங்கள் பக்கம் வரும். ஓரத்துத் தையல் ஒன்று மட்டும் தங்களுக்கும் துணைச் செயலருக்கும் நடுவில் விழும். தங்கள் இருவருக்கும் பேச்சு வார்த்தை இல்லாமல் இருப்பதால் அதை யாரும் புதிதாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். நூல் பச்சை நூலாகவே இருக்கும். தற்காலிகத் தையலை உருவியாகிவிட்டதா என்று நாத்தனார் பார்த்துச் சொல்வாள். இதில் அவளை விடக் கறாரான ஆள் இரண்டு நாட்டிலும் கிடையாது.

ஐயா, பட்டன் தைத்த நீலச் சட்டை மூன்று வாரமாக ஆணியில் தொங்குகிறது. தினமும் தூசி தட்டுகிறேன். அதைப் பார்த்து நானே ஒரு முறை "அப்புறம்?" என்று கேட்டுவிட்டேன். பதில் வராத வீட்டில் அந்த ஒரு வார்த்தை எவ்வளவு நீளம் என்று இப்போதுதான் தெரிகிறது. துணி கைக்கு வந்த இரண்டாம் நாள் தைத்து முடித்துவிடுவேன். மீதியைத் தாங்கள் முடித்துத் தருவீர்கள் என்று நம்பிக் காத்திருக்கிறேன்.

இடம்: துறைமுக வாசல் எதிர்ச்சாரி
நாள்: புதன்கிழமை, அவர் போய் நாற்பத்தொன்பதாம் நாள்

இப்படிக்குத் தங்கள் உண்மையுள்ள,
பாபின் அக்கா
(கையொப்பம்)

இணைப்பு: தற்காலிகத் தையல் போட்ட துணித் துண்டு ஒன்று. நூலின் முனையைப் பிடித்துத் தாங்களே இழுத்துப் பார்க்கவும்.

பின்குறிப்பு: மேற்படி மனுவைத் தங்கள் அலுவலக வாசலில் உள்ள புகார்ப் பெட்டியில் குனிந்து செலுத்தியபோது, நெற்றியில் ஏற்றி வைத்திருந்த என் கண்ணாடியும் உடன் சென்றுவிட்டது. பெட்டி வெள்ளிக்கிழமைதான் திறக்கப்படும் என்று காவலாளி தெரிவித்தார். கண்ணாடி இல்லாமல் ஊசியில் நூல் கோர்க்க இயலாது. இக்குறிப்பு குத்துமதிப்பாக எழுதப்பட்டு அதே பெட்டியில் செலுத்தப்படுகிறது. கண்ணாடியை இணைப்பு எண் இரண்டு என்று பதிவு செய்துவிட வேண்டாம்.